சில்லறைத் தொல்லைகள்

பயணத்தை அரபி மொழியில் 'ஸபர்' என்பர். திரை விலகுதல், வெளிப்படுதல் என்னும் பொருள்கள் அச்சொல்லின் வேரில் உறைகின்றன. மனிதனின் உள்ளியல்பை வெளியே கொணர்ந்து காட்டுவதால்தான் பயணத்துக்கு இப்பெயர் வாய்த்தது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்கம் தருவார்கள். ஒருவருடைய நற்குணத்துக்குச் சாட்சி கூற வந்தவரிடம் கலீபா உமர் (ரலி) அவர்கள், அவரோடு சேர்ந்து பயணம் செய்ததுண்டா என்று வினவியதும், இல்லை என்ற விடை கேட்டு அச்சாட்சியை ஏற்கத் தயங்கியதும் நம் வாசகர்கள் கேட்டறிந்த செய்தியே.

ஆனால் மனிதர் வெளிப்படுவது பெரும் ஆபத்துகளில் என்று எண்ணிவிடலாகாது. வண்டி கவிழ்ந்தால் ஓடிவந்து தூக்குவோர் எந்த ஊரிலும் உண்டு. ஐந்து ரூபாய் மீதிக்கும், பாதி இருக்கைக்கும், திறக்க மறுக்கும் ஒரு ஜன்னலுக்கும் எழும் சச்சரவில்தான் உள்ளியல்பு தலைகாட்டும். இவற்றைத் தமிழில் 'சில்லறைத் தொல்லைகள்' என்கிறோம். கையில் இல்லாமற் போகும் நாணயமும் சில்லறை. நாவில் வந்துவிடும் அற்பத்தனமும் சில்லறைத்தனம். பேருந்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று தேடி வந்து சந்திக்கின்றன.

இத்தொல்லைகளைச் சற்று ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். மூன்று மணி நேரம் நின்றுகொண்டே வந்த கால்வலி ஒரு தூக்கத்தில் தீர்ந்துபோகும். ஏறும்போது காதில் விழுந்த ஒரு சொல் ஒரு வாரம் உறுத்தும். ஆகவே பேருந்தில் எழுதப்படும் தமிழையும் பேசப்படும் தமிழையும், ஓர் இலக்கியப் பனுவலைப் படிக்கும் கவனத்தோடு படித்துப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் படிக்கும் இப்பனுவலுக்கு விமர்சகர் எவரும் இல்லாதது வியப்பே.

இதற்குரிய களமாக மேல்மலையனூரை எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கு வடமேற்கே அமைந்த ஊர் இது. அங்காளபரமேசுவரி கோயிலால் பெயர் பெற்றது. மாதந்தோறும் அமாவாசை இரவில் இங்கே ஊஞ்சல் உற்சவம் நடைபெறும். மாசியில் மயானக் கொள்ளைத் திருவிழா. ஊருக்கு இரயில் கிடையாது; ஆகவே பேருந்தே கதி. அமாவாசைதோறும் சென்னை, திருவண்ணாமலை, வேலூர், புதுச்சேரி, விழுப்புரம் எனப் பல திசைகளிலிருந்தும் சிறப்புப் பேருந்துகள் வந்து குவிகின்றன. சென்னைத் தமிழும் ஆர்க்காட்டுத் தமிழும், பெங்களூரிலிருந்து வருவோரின் கன்னடம் கலந்த தமிழும், ஆந்திர எல்லையிலிருந்து வருவோரின் தெலுங்கும் அங்கே ஒரே படிக்கட்டில் நெருக்குகின்றன. மற்ற நாள்களில் இதே பாதையில் சந்தைக்கும் பள்ளிக்கும் போவோர் ஏறுகின்றனர். செஞ்சிக் கோட்டையினுள் நவாப் சாதத்துல்லா கானின் பெயர் தாங்கி நிற்கும் பள்ளிவாசல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அக்காலம் தொட்டு உருது பேசும் முஸ்லிம்களும் இப்பகுதியில் தமிழரோடு தமிழராக வாழ்கின்றனர். பொதுமொழி என்று ஒன்று இருக்குமாயின், அதற்கு இதனினும் கடுமையான தேர்வுக்கூடம் வாய்ப்பது அரிது.

இந்த மண்ணுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. வழிப்போக்கனிடம் எப்படிப் பேசுவது என்பதையே இலக்கணமாக்கி, ஆற்றுப்படை என்றோர் இலக்கிய வகையைப் படைத்தது தமிழ். பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படைகளுள் இரண்டு இப்பகுதியைச் சார்ந்தவை. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன், ஓய்மாநாட்டை ஆண்டவன். அவன் ஊராகிய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் பகுதி. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் நம்மை மேற்கே நன்னனின் செங்கத்துக்கு அழைத்துச் செல்கிறது. மேல்மலையனூர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலம். ஆகவே இன்றைய பேருந்தின் மொழியை அளக்க நாம் வேற்றூர்க் கோலைத் தேடவேண்டியதில்லை.

அவ்விரு நூல்களிலும் பேசப்படுபவன் யார்? கையில் காசில்லாதவன், பசித்தவன், பிறர் கொடுப்பதைப் பெறுவதற்காகப் போகிறவன். அவனை நத்தத்தனார் அறிவு முதிர்ந்த வாயினன் என்று விளித்துப் பேசுகிறார். எயிற்பட்டினத்தில் பரதவர் என்ன தருவர், வேலூரில் எயினர் என்ன சமைத்திடுவர், ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோற்றோடு நண்டுக்கறி எப்படிக் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே வழிகாட்டுகிறார். மலைபடுகடாத்தில் எச்சரிக்கைகள் மிகுதி. புனம் காப்போர் எறியும் கவண்கல் எந்தத் திசையிலிருந்து வரும், அதற்கு எப்படி மரத்தை மறைவாகக் கொள்வது. பாசி படர்ந்த வழுக்குநிலத்தில் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது. பாம்பு உறையும் குழிகள் எங்கே என்றெல்லாம் விரிகிறது அந்நூல். ஒவ்வொரு எச்சரிக்கையோடும் காரணம் வருகிறது. தப்பும் வழியும் வருகிறது. பாதை பிரியும் இடத்தில், பின்னால் வருகிறவர்கள் திகைக்காதபடி, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்றும் புலவர் சொல்கிறார். முன்னே போகிறவன் பின்னே வருகிறவனை நினைக்கவேண்டும் என்னும் இந்த நினைவே ஆற்றுப்படையின் உயிர்.

இனி நம் பேருந்துக்குள் வருவோம். ஜன்னலுக்கு மேலே தமிழ்நாட்டின் மிகப் புகழ்பெற்ற அறிவிப்பு எழுதப்பட்டிருக்கிறது: 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்'. இதன் ஓசை நயத்தை மறுப்பதற்கில்லை. மூன்று சொற்களும் ஒரே அளவில் நடந்து ஒரே ஒலியில் முடிகின்றன. எழுத்தறியாதவர்க்கும் செவிவழியே போய்ச் சேர்ந்துவிட்ட வாசகம் அது. பள்ளிப் பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடுவர். ஆனால் வீட்டில் எவரும் கையைக் கரம் என்றோ தலையைச் சிரம் என்றோ சொல்வதில்லை. வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்னும் பழைய வழக்கை இங்கே நாம் தொடுக்கவில்லை. வழங்கும் சொல்லா என்பதே நம் கேள்வி. 'நீட்டாதீர்' என்பது மரியாதைப் பன்மையே. மலைபடுகடாத்தின் ஏவலும் பன்மையே. இலக்கணத்தில் இரண்டும் சமம். ஆனால் ஏன் நீட்டக்கூடாது என்று பேருந்து சொல்வதில்லை. எதிரே வரும் லாரி உரசிக்கொண்டு போகும் என்னும் எளிய காரணத்தை அது விழுங்கிவிடுகிறது. காரணம் விழுங்கப்பட்ட எச்சரிக்கை கட்டளையாகிவிடுகிறது. கட்டளையை நம் மக்கள் அழகாகப் படித்துவிட்டு அதன் கீழேயே கையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு வருகின்றனர்.

'படியில் பயணம் நொடியில் மரணம்' என்பது இதனினும் மேம்பட்டது. இதில் ஒவ்வொரு சொல்லும் வழக்குச்சொல். காரணமும் உண்டு. ஆயினும் அமாவாசை இரவில், நள்ளிரவு உற்சவம் முடிந்து கூட்டம் மொத்தமாகத் திரும்பும் வேளையில், படியைத் தவிர வேறிடம் கிடைக்காதவனுக்கு அந்த வாசகம் எச்சரிக்கையாகப் படுமா, ஏளனமாகப் படுமா? தப்பும் வழியைக் காட்டாத எச்சரிக்கையின் குறை இது. அடுத்த வண்டி எப்போது வரும் என்று ஒரு குரல் சொல்லுமானால் அந்த ஒரு வரி நூறு எதுகை மோனைகளுக்கு ஈடாகும்.

இரயில் நிலையங்களில் ஒலிக்கும் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் இருந்த உபசாரத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு இது. தமிழில் கனிவு பேசுகிறவரிடம் இருக்கவேண்டிய பண்பு. வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அறிவிக்கப்போகிறவர், கேட்கப்போகிறவரிடம் கனிவை எதிர்பார்க்கிறார். பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிவிட்டதால் இதிலுள்ள நகைச்சுவை நமக்கு உறைப்பதில்லை. பயணிகளே, கேளுங்கள் என்று தொடங்கியிருந்தால் போதாதா? தொலைக்காட்சியில் முன்பெல்லாம் படம் நின்றுபோனால் எழுத்தில் தோன்றிய 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டே சொற்கள். யார் வருந்துகிறார், எதற்கு வருந்துகிறார் என்பது தெளிவாக இருந்தது.

எழுத்துத் தமிழ் இவ்வாறு உயரத்தில் நின்று பேசுகிறது என்றால், பேச்சுத் தமிழ் தோளில் இடித்துக்கொண்டு பேசுகிறது. ஆனால் அதன் படைப்பாற்றலை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அறிஞர்கள் பேருந்து, நடத்துநர், பயணச்சீட்டு என்ற சொற்களை உருவாக்கித் தந்தனர். அவை எழுத்தில் நிலைபெற்றன. மக்களோ பஸ், கண்டக்டர், டிக்கெட் என்பவற்றோடு நின்றுவிடாமல் 'போலாம் ரைட்' என்றொரு தொடரையும், நிறுத்துவதற்கு 'ஓல்டான்' என்றொரு சொல்லையும் செய்துகொண்டனர். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். ஆனால் எந்த அகராதியும் இல்லாமல் தமிழகம் முழுவதும் விளங்கும் மொழி. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் புறப்படு. சொல்லே இல்லாத மொழியும் உண்டு. ஜன்னல் வழியே இருக்கையில் விழும் துண்டு, இவ்விடம் என்னுடையது என்பதை எந்த வினைமுற்றும் இல்லாமல் சொல்லிவிடுகிறது. மேல்மலையனூரிலிருந்து திரும்பும் கூட்டத்தில் துண்டோடு பையும், சில வேளைகளில் பையோடு பிள்ளையும் ஜன்னல் வழியே உள்ளே போவதுண்டு. துண்டு போடுதல் என்பது முந்திக்கொண்டு இடம்பிடித்தலுக்கு மரபுத்தொடராகவே ஆகிவிட்டது.

தொல்லை தொடங்குவது விளிச்சொல்லில். 'உள்ளே போ, நடுவுல காலியா இருக்கு' என்று நடத்துநர் குரல் கொடுக்கிறார். உறக்கமின்றி, நெரிசலில், ஒரு வாயால் நூறு பேரோடு பேசவேண்டிய நிலை அவருடையது. நூறு பேரையும் பொதுவாகச் சொன்னதால் எவரையும் குறிப்பாகச் சொல்லவில்லை என்று அவர் எண்ணுகிறார். நூறு பேரும் தம்மையே சொன்னதாக எண்ணுகின்றனர். இதில் வட்டார வழக்கின் பங்கும் உண்டு. வட மாவட்டப் பேச்சில் ஒருமை பல வேளைகளில் நெருக்கத்தின் அடையாளம். மரியாதைக் குறைவு என்று அங்கே எவரும் கொள்வதில்லை. கொங்கு நாட்டிலிருந்து வருகிறவருக்கு அதே ஒருமை கன்னத்தில் அறைந்தாற்போல் இருக்கும். ஆனால் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 'உள்ளே போ' என்பது குத்துகிறது. 'உள்ளே போம்மா' என்பது குத்துவதில்லை. ஒருமை வினையோடு ஓர் உறவுப்பெயர் ஒட்டிக்கொண்டதும் அதன் முனை மழுங்கிவிடுகிறது. அண்ணே, அக்கா, பெரியம்மா, தம்பி என்று ஆளுக்கேற்ற சொல்லை நொடிப்பொழுதில் தேர்ந்து வீசும் நடத்துநர்கள் இருக்கின்றனர். அவர்கள் ஏறும் வண்டியில் கூட்டம் குறைவதில்லை. ஆனால் சண்டை குறைகிறது.

சில்லறை பற்றியும் ஒரு சொல். மீதித் தொகையைச் சீட்டின் முதுகில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்த எழுத்தை மறந்து இறங்கிப்போனவர்களும் பலர். இறங்கும்போது நினைவூட்டியதற்காக முறைக்கப்பட்டவர்களும் பலர். இப்போது கைக்கருவியில் சீட்டு அச்சாகிறது. கைப்பேசி வழியே பணம் செலுத்தும் வசதியும் வந்துகொண்டிருக்கிறது. சில்லறை ஒழிந்துவிடக்கூடும். சில்லறைத்தனம் அதனோடு ஒழியுமா என்பதற்கு அடுத்த செய்தியே விடை.

2021 மே மாதம் முதல் தமிழக அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று ஆணை பிறந்தது. வேலைக்கும் சந்தைக்கும் போகும் ஏழைப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சிற்றூர்களில் வாழ்வோர் அறிவர். ஆணை பிறந்த கையோடு ஒரு சொல்லும் படிக்கட்டில் ஏறி அமர்ந்தது: 'ஓசி'. 2022இல் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த அமைச்சர் ஒருவரே பொது நிகழ்ச்சியில் பெண்களைப் பார்த்து இச்சொல்லைப் பயன்படுத்திவிட, தமிழகம் முழுவதும் அது பேசுபொருளாயிற்று. எல்லோரும் பேசும் சொல்தானே என்று சிலர் வாதிட்டனர். உண்மைதான், எல்லோரும் பேசும் சொல்தான். ஆனால் எல்லோரும் பேசுவதாலேயே ஒரு சொல் பொதுமொழியாகிவிடாது. யாரைப் பற்றிச் சொல்லப்படுகிறதோ அவரும் தலை குனியாமல் தம்மைக் குறித்துச் சொல்லிக்கொள்ளக்கூடிய சொல்லே பொதுச்சொல்.

இச்சொல்லின் பிறப்பைப் பற்றி ஒரு விளக்கம் வழங்குகிறது. கும்பினி ஆட்சியில், கும்பினியின் அலுவல் கடிதங்களுக்கு அஞ்சற்கட்டணம் கிடையாது. அவற்றின்மேல் இடப்பட்ட ஆங்கில எழுத்துகளே மக்கள் நாவில் ஓசி ஆயின என்பர். அவ்விளக்கம் சரியெனில், முதன்முதல் ஓசியில் பயணம் செய்தவர்கள் ஆட்சியாளர்களே. அவர்களைக் குறித்த சொல் கடைசியில் கூடை சுமக்கும் பெண்ணின் தலையில் வந்து இறங்கியிருக்கிறது. நகரப் பேருந்துக்கும் வெளியூர்ப் பேருந்துக்கும் வேறுபாடு அறியாமல் ஏறிவிட்ட மூதாட்டியிடம், இவ்வண்டியில் கட்டணம் உண்டு என்று சொல்வது நடத்துநரின் கடமை. அதைச் சொல்லும் தொனியில் ஓசி என்னும் நினைவு ஒலிக்குமானால், அம்மூதாட்டி செலுத்தும் கட்டணம் சீட்டில் அச்சான தொகையை விட அதிகம். ஓய்மாநாட்டுப் பாணனும் காசில்லாமல் போனவனே. அவனை எவரும் அப்படி அழைக்கவில்லை.

நம் வாசகர்களுக்கு நன்கு பழக்கமான மற்றொரு விளிச்சொல் 'பாய்'. தாடியும் தொப்பியும் கண்டால் நடத்துநரின் நாவில் அச்சொல் தானாக வரும். பெரும்பாலும் அன்போடுதான் வருகிறது, அதில் ஐயமில்லை. செஞ்சிப் பகுதியில் உருது பேசும் குடும்பத்தினருக்கு அது வீட்டுச்சொல்லும்கூட. ஆனால் காயல்பட்டினத்து முஸ்லிம் தம் அண்ணனைக் காக்கா என்பார். நாகூர்க்காரர் நானா என்பார். அண்ணன் என்றே அழைப்போரும் எண்ணற்றோர். தாய்மொழி தமிழேயான இவர்கள் பேருந்தில் ஏறியதும் எல்லோரும் பாய் ஆகிவிடுகின்றனர். பேச்சு நீண்டால் அடுத்த வினா வருகிறது: 'நீங்க தமிழா, முஸ்லிமா?' கேட்பவர் நெஞ்சில் வஞ்சமில்லை. ஆயினும் அந்த 'ஆ' என்னும் வினா இடைச்சொல், ஒரு மனிதரை இரண்டாகப் பிளந்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

இப்போது இச்சொல்லுக்கு ஓர் இரட்டைப்பிறவி தோன்றியிருக்கிறது. வடமாநிலங்களிலிருந்து கட்டடவேலைக்கு வந்திருக்கும் இளைஞர்களை நம் பேருந்துகள் 'பையா' என்று அழைக்கின்றன. பாய், பையா இரண்டுக்குமே மூலமொழியில் சகோதரன் என்றுதான் பொருள். எவ்வளவு அழகான சொற்கள்! ஆனால் நம் வழக்கில் சகோதரனைக் குறிக்க அண்ணே என்னும் சொல் இருக்கும்போது, இவ்விருவருக்கு மட்டும் வேற்றுமொழிச் சகோதரத்துவத்தை ஒதுக்கிவைத்திருக்கிறோம். வரவேற்பதுபோல் வாசலிலேயே நிறுத்திவைக்கும் விந்தை இது.

இவையெல்லாம் சில்லறைதானே, இவற்றுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். 1997ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கவேண்டும். அதுவரை நம் போக்குவரத்துக் கழகங்கள் தலைவர்களின் பெயர்களைத் தாங்கியிருந்தன. 1975இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு எழுந்த கழகம் தந்தை பெரியாரின் பெயரில் ஓடியது. 1997இல் தெற்கே புதிய கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டபோது, அப்பெயர் எழுதிய வண்டியில் ஏறமாட்டோம் என்றோர் இருந்தனர். தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. முடிவில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அரசு நீக்கியது. பேருந்தின் பக்கத்தில் எழுதிய ஒரு பெயரை ஒரு சமூகம் பொறுத்துக்கொள்ள மறுத்ததன் விலை அது. பெயரைச் சொல்ல மறுப்பதும், பெயருக்குப் பதிலாக வகையைச் சொல்லி அழைப்பதும் ஒரே நோயின் முற்றிய நிலையும் இளைய நிலையும் எனலாம். இளைய நிலையில் மருந்து எளிது.

அம்மருந்தை நாம் புதிதாகத் தேடவேண்டியதில்லை. பேருந்துகளில் திருக்குறள் எழுதி வைத்த நாடு இது. குறளுக்குக் கீழே இருக்கும் அறிவிப்புகளையும் அதே அக்கறையோடு ஒருமுறை திருத்தி எழுதலாம். 'கையையும் தலையையும் வெளியே நீட்டாதீர்கள், எதிரே வரும் வண்டி உரசிச் செல்லும்' என்று எழுதினால் எதுகை போகும், கை தப்பும். எந்த வண்டியில் மகளிர்க்குக் கட்டணமில்லை, எதில் உண்டு என்பதை ஏறும் படியருகே பெரிய எழுத்தில் எழுதிவிட்டால், மூதாட்டியும் நடத்துநரும் வாய்ச்சண்டையிலிருந்து தப்பலாம். நடத்துநர் பயிற்சியில் சீட்டுக் கருவியை இயக்கக் கற்பிக்கும்போது, 'போ' என்பதோடு ஓர் 'அம்மா'வைச் சேர்ப்பதால் வரும் அமைதியையும் கற்பிக்கலாம். அதற்குச் செலவில்லை.

பயணிகளாகிய நமக்கும் பங்கு உண்டு. துண்டு போட்ட இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் அமர்ந்துவிட்டால், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கலாம். முதன்முறை மலையனூருக்கு வரும் வெளியூரார் எங்கே இறங்கவேண்டும் என்று கேட்டால், 'வரும்போது சொல்றேன்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், இன்னும் எத்தனை நிறுத்தம், இறங்கி எந்தப் பக்கம் நடக்கவேண்டும், திரும்பிவரக் கடைசி வண்டி எப்போது என்றும் சேர்த்துச் சொல்லலாம். பாதை பிரியும் இடத்தில் புல்லை முடிந்து வைத்தவர்கள் நடந்த நிலம் இது.